கணக்கு நோட்டிலிருந்து அம்மா கிழித்து வைத்த ஒரு தாள்: அதைச் சின்ன மாமாவிடம் காட்டலாமா?

கேள்வி: தோப்புவீட்டுப் பேத்தி

வணக்கம். எங்களுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். அம்மாவைப் பெற்ற அம்மாச்சி கடந்த ஆவணியில் இறந்துபோனார். காரியம் முடிந்து இருபத்தைந்து நாள் ஆகிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா ஆரம்பப் பள்ளி ஆசிரியர். 1974-ல் மூன்று ஏக்கர் கிரயம் வாங்கித் தென்னை வைத்தார். 1997-ல் தவறிவிட்டார். உயில் எதுவும் எழுதவில்லை. அவருக்கு மூன்று பிள்ளைகள்: திருப்பூரில் இருக்கும் பெரிய மாமா, அடுத்து என் அம்மா, கடைசியாகச் சிங்கப்பூரில் இருக்கும் சின்ன மாமா. அம்மாச்சி குடும்ப ஓய்வூதியத்தையும் தோப்பு வருமானத்தையும் வைத்துக்கொண்டு யார் கையையும் எதிர்பார்க்காமல் கிராமத்திலேயே இருந்தார்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தது. இருந்த 210 மரத்தில் 193 விழுந்துவிட்டன. மரத்துக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக அரசு கொடுத்த நிவாரணம், 2,12,300 ரூபாய், அம்மாச்சியின் கணக்கில் வந்து சேர்ந்தது. அடுத்த மாசியில் அம்மாச்சிக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போயிற்று. அன்று என் அப்பா ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு போய் அவரை எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தார். அதன் பிறகு ஆறரை வருடம் அம்மாச்சி எங்கள் கூடத்தில்தான் படுத்திருந்தார்.

அந்த ஆறரை வருடத்தில் அம்மா ஒரு கல்யாணத்துக்கும் இரவு தங்கியதில்லை. படுக்கைப்புண் வந்துவிடக் கூடாது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாச்சியைப் புரட்டிப் படுக்க வைப்பார். இப்போதும் இரவு இரண்டு மணிக்கு எழுந்துவிடுகிறார். போன வாரம் நான் ஊருக்குப் போயிருந்தபோது பார்த்தேன். இருட்டில் வெறும் கட்டிலின் பக்கத்தில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொண்டார்.

வருடத்துக்கு ஒருமுறை ஓய்வூதியத்துக்கு வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். தபால்காரர் 70 ரூபாய் கட்டணத்துக்கு வீட்டுக்கே கருவியைக் கொண்டுவந்து கைரேகை எடுப்பார். அம்மாச்சியின் வலது கை மடங்கி இறுகிக் கிடக்கும். அம்மா ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீர் வைத்து அந்தக் கையை அதில் நனைத்து, சுண்டு விரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாகப் பிரிப்பார். கட்டைவிரல் கடைசியாகத்தான் வரும். அதைத் துடைத்து, கருவியில் வைத்து, "இன்னும் கொஞ்சம்தான் அம்மா" என்பார். ரேகை பதியாது. மறுபடியும் வெந்நீர். ஒரு வருடம் ஒன்பது தடவை முயன்ற பிறகுதான் பதிந்தது. அந்தத் தபால்காரர் நல்ல மனிதர், ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை.

சின்ன மாமா முதல் மூன்று வருடம் மாதம் பத்தாயிரம் அனுப்பினார். பிறகு அவருக்கே வேலையில் சிரமம், நின்றுவிட்டது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. பெரிய மாமா பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து புடவை வைத்துவிட்டுப் போவார்.

அம்மா எல்லாவற்றுக்கும் ஒரு நீண்ட நோட்டில் கணக்கு எழுதி வந்தார். டயப்பர், காற்றுப் படுக்கை, மருந்து, பகலில் உதவிக்கு வந்த அக்காவின் சம்பளம், சத்துமாவுக்குக் கேழ்வரகு வாங்கியது வரை எல்லாம் இருக்கும். யாரும் எழுதச் சொல்லவில்லை. ஆசிரியர் வீட்டுப் பழக்கம் அது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பங்காளிகளும் சம்பந்தி வீட்டாரும் இன்னும் கலையாத நேரம். சின்ன மாமா எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். "அக்கா, அம்மாவின் ஓய்வூதியம் மாதாமாதம் உன் கைக்குத்தான் வந்தது. கஜா நிவாரணம் இரண்டு லட்சத்துக்கு மேல் வந்தது. அதெல்லாம் என்னவாயிற்று? கணக்கு ஏதாவது இருக்கிறதா?"

அம்மா பெரிய மாமாவை ஒருமுறை பார்த்தார். அவர் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

அம்மா நோட்டை எடுக்க உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன். சாமி மாடத்துக்குக் கீழேயிருந்து நோட்டை எடுத்து, அதன் முதல் தாளைத் தையலோடு ஒட்டி மெதுவாகக் கிழித்தார். நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து நோட்டைச் சின்ன மாமாவிடம் கொடுத்து, "கஜா பணம் வைத்தியத்துக்குப் போய்விட்டது தம்பி" என்றார்.

அன்றிரவு நான் பிடிவாதம் பிடித்த பிறகுதான் தாளைக் காட்டினார். அம்மாவின் கையெழுத்தில் இப்படி இருந்தது: "அம்மா கணக்கில் இருந்தது 2,31,000. தை மாதம் அண்ணன் தொழிலுக்கு அம்மா கொடுத்தது 2,00,000. மீதி 31,000."

இது நடந்து இரண்டு வாரத்தில் பெரிய மாமா ஒரு விடுதலைப் பத்திரத்தைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு வந்தார். தோப்பில் அம்மாவுக்கு உள்ள பாத்தியத்தை மனமுவந்து விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. "உனக்கு 1988-லேயே 25 பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று. பட்டா அம்மா பெயரில் இருக்கிறது, பிள்ளைகளுக்குத்தான் வரும். வங்கியில் இருக்கும் நான்கு லட்சம் டெபாசிட்டுக்கு நாமினி நான்" என்றார். அம்மா கண்ணாடியைத் தேடுவதுபோல எழுந்து போய், கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டார். அப்பாதான், "படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் மச்சான்" என்று அனுப்பி வைத்தார்.

என் கேள்வி இதுதான். அந்தத் தாளைப் படம் எடுத்துச் சின்ன மாமாவுக்கு அனுப்பிவிடட்டுமா? அவர் இன்று வரை தன் அக்கா அந்தப் பணத்தைத் தின்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அதை என்னால் தாங்க முடியவில்லை. அம்மா கூடாது என்கிறார். சட்டப்படி அம்மாவுக்கு என்ன உண்டு என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பழைய கிராம நிர்வாக அலுவலர்

மகளே, முப்பது வருடம் இந்த வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில், அம்மா எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது. விடுதலைப் பத்திரம் பதிவாகிவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது மிகவும் கடினம்.

தோப்பு தாத்தா சுயமாகக் கிரயம் வாங்கியது என்கிறீர்கள். அப்படியானால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே போதும். 1989-ல் தமிழ்நாட்டில் வந்த திருத்தம், 2005-ல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம் எல்லாம் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு கொடுப்பதற்காக வந்தவை. "1989-க்கு முன்னால் கல்யாணம் ஆனவளுக்குப் பங்கு கிடையாது" என்று யாராவது சொன்னால், அது உங்கள் தோப்புக்குப் பொருந்தாத பேச்சு. சுய சம்பாத்தியத்தில், உயில் இல்லாமல் இறந்தவரின் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. 1997-ல் தாத்தா இறந்த அன்றே அம்மாச்சிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு நான்கில் ஒன்று. அம்மாச்சி உயில் எழுதாமல் போயிருந்தால் அவருடைய கால் பங்கும் மூன்று பிள்ளைகளுக்குச் சமமாக வரும். ஆகக் கூட்டினால் அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, அதாவது ஒரு ஏக்கர். 25 பவுன் சீர் போட்டது அதில் கழியாது.

பட்டா அம்மாச்சி பெயரில் இருக்கிறது என்பதைப் பெரிதாக நினைக்க வேண்டாம். பட்டா வருவாய்த் துறைப் பதிவு. உரிமையைச் சொல்வது தாத்தாவின் கிரயப் பத்திரம். அது யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பதிவுத் துறையில் 1974 முதல் இன்று வரை வில்லங்கம் போட்டுப் பார்த்துவிடுங்கள். நடுவில் ஏதாவது பத்திரம் நடந்திருந்தால் தெரிந்துவிடும்.

நாமினி விஷயம் ஊர் ஊராக நடக்கும் சண்டை. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கும் கை. வாங்கிய பணம் வாரிசுகளுடையது. உச்ச நீதிமன்றம் 1984-லேயே ஆயுள் காப்பீட்டு வழக்கு ஒன்றில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நகை இருந்தால் அதுவும் மூவருக்கும் சமம்தான்.

தாத்தாவுக்கும் அம்மாச்சிக்கும் தனித்தனியாக வாரிசுச் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் கொடுப்பார். மூவரில் ஒருவர் விண்ணப்பித்தால் போதும், நீங்களே போடுங்கள். கருவூலத்துக்கு இறப்பைத் தெரிவித்துவிட்டீர்களா? இறந்த பிறகு ஓய்வூதியம் ஏறியிருந்தால் திரும்பக் கட்டச் சொல்வார்கள். அதில் கைவைக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், மனம் வருந்தாதீர்கள். ஆறரை வருடம் பார்த்துக்கொண்டதற்காக அம்மாவுக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கொடு என்று சட்டத்தில் இல்லை. அம்மாச்சி உயிரோடு இருந்தபோது உயிலோ தானப் பத்திரமோ எழுதியிருந்தால் மட்டுமே அது நடந்திருக்கும். அதேபோல, தாய் தன் விருப்பப்படி மகனுக்குக் கொடுத்த இரண்டு லட்சமும் அவர் பங்கில் தானாகக் கழியாது. ஆகவே பாகம் கேட்பதற்கு அந்தத் தாள் தேவையே இல்லை. அதைக் காட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் குடும்ப விஷயம், அதில் நான் வாய் திறக்கவில்லை. பணம் காசோலையாகவோ கணக்கு மாற்றமாகவோ போயிருந்தால் பாஸ்புக்கிலேயே இருக்கும், பாருங்கள்.

வழக்கு வரை போனால், பட்டுக்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தருவார்கள். அங்கேயே சமரசம் பேசவும் வழி உண்டு.

பதில்: தோகாவிலிருந்து ஒரு தம்பி

நான் உங்கள் சின்ன மாமாவின் இடத்தில் இருந்தவன். அதனால் எழுதுகிறேன்.

ஒன்பது வருடம் பணம் அனுப்பினேன். அப்பா படுத்திருந்தபோது காணொலியில் பார்ப்பேன். என் அக்கா முகம் கழுவி, அப்பாவுக்குத் தலை சீவிவிட்டு, நல்ல சட்டை போட்டுவிட்டுத்தான் போனைத் திருப்புவார். அதைப் பார்த்து, எல்லாம் சுலபமாக நடக்கிறது என்று நம்பினேன். புண்ணைப் பார்த்ததில்லை. நாற்றம் தெரியாது. அப்பா போனபோது விமானம் கிடைக்காமல் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தேன். கொள்ளி போடக் கொடுத்து வைக்கவில்லை. அந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் கணக்குக் கேட்டேன். ஆமாம், நானும் கேட்டேன். எனக்குப் பணம் தேவையாக இருக்கவில்லை.

அக்கா எனக்கு அன்று எதையும் காட்டவில்லை. அழுதுகொண்டே உள்ளே போய்விட்டார். நான்கு வருடம் பேசவில்லை. உண்மை தெரிந்தபோது, மறைத்தார்களே என்ற கோபம்தான் எனக்கு முதலில் வந்தது. என் அவமானம் அதற்குப் பிறகுதான் வந்தது. தயவுசெய்து உங்கள் மாமாவை நான்கு வருடம் காக்க வைக்காதீர்கள். ஊர் முன்னால் வேண்டாம். தனியாகக் காட்டுங்கள்.

பதில்: மதுரை மருமகள்

தோகா தம்பி சொல்வது அவருக்குச் சரி. ஆனால் தங்கையே, அந்தத் தாள் உன் அம்மாவுடையது. கூட்டத்தின் நடுவில், அத்தனை பேர் சந்தேகப்பட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்தில், அண்ணனைத் தலைகுனிய விடக் கூடாது என்று அவர் முடிவு செய்திருக்கிறார். அவருக்குத் தெரியாமல் நீ படம் எடுத்து அனுப்பினால், அவர் செய்ததை நீ அழித்ததாகிவிடும். முதலில் அவரிடம் உட்கார்ந்து கேள். "காட்டட்டுமா" என்று கேட்காதே. "ஏன் கிழித்தீர்கள்" என்று கேள்.

அதைவிட அவசரமாக ஒன்று சொல்ல வேண்டும். என் மாமியாரை நான்கு வருடம் பார்த்துக்கொண்டவள் நான். அவர் போன பிறகு ஒரு வருடம் எனக்கும் இரவில் விழிப்பு வந்துகொண்டிருந்தது. கட்டில் காலியானதும் கையும் காலும் என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும். உன் அம்மாவின் முதுகைப் பார்த்தாயா? ஆறரை வருடம் ஒரு ஆளைப் புரட்டியவர். எனக்கு இடுப்பு எலும்புத் தட்டு விலகியது மாமியார் இறந்த பிறகுதான் தெரிந்தது, அதுவரை வலியைக் கவனிக்கவே நேரம் இல்லை. மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போ. அந்தக் கட்டிலைக் கூடத்திலிருந்து எடுத்து வேறு அறையில் போடு. இன்றைக்கே போடு.

மறுமொழி: தோப்புவீட்டுப் பேத்தி

எல்லோருக்கும் நன்றி. ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன்.

மதுரை அக்கா சொன்னபடி அம்மாவிடம் ஏன் கிழித்தார் என்று கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வெகுநேரம் கழித்துச் சொன்னார். "உன் பெரிய மாமாவுக்கு அந்தப் பணம் தொழிலில் போய்விட்டது. ஒவ்வொரு தடவை வரும்போதும் அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கட்டிலுக்கு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுவான். புடவை கொடுத்துவிட்டு அவசரமாகப் போகிறானே என்று நீங்கள் பேசுவீர்கள். எனக்குத் தெரியும், அவனால் உட்கார முடியவில்லை. அம்மா கொடுத்ததை நான் எப்படிச் சபையில் சொல்வேன்?"

பெரிய மாமா அழுதது எனக்கு இதுவரை தெரியாது. ஆனாலும் சொல்கிறேன், தன் தங்கையை அன்று அப்படி நிற்க வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. அம்மாவால் முடிகிறது.

பிறகு அம்மாவே ஒரு முடிவு சொன்னார். தாளைக் காட்டக் கூடாது. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்தும் போட மாட்டார். "ஒரு ஏக்கர் அப்பா எனக்கு வைத்துவிட்டுப் போனது. அதை எழுதிக்கொடுத்தால் நான் ஏதோ தப்புச் செய்து ஒதுங்கினதாக ஆகிவிடும்" என்றார். அவர் குரலை அவ்வளவு உறுதியாக நான் கேட்டு வெகு நாளாயிற்று.

இரண்டு வாரிசுச் சான்றுக்கும் விண்ணப்பித்துவிட்டோம். வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் 1974 கிரயத்துக்குப் பிறகு எதுவும் இல்லை. கிரயப் பத்திரம் அம்மாச்சியின் இரும்புப் பெட்டியில், தாத்தாவின் பணிப் பதிவுத் தாள்களோடு இருந்தது. பழைய பாஸ்புக்கும் அதிலேயே கிடைத்தது. கிராம நிர்வாக அலுவலர் ஐயா சொன்னது சரிதான். 2019 ஜனவரியில் இரண்டு லட்சம், கணக்கு மாற்றம், பக்கத்தில் பெரிய மாமாவின் பெயர்.

அதை அம்மாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு மூடினார். "வங்கிக்குக் கொடுக்கும்போது மூன்று பேருக்கும் எல்லாப் பக்கமும் நகல் எடுத்துக் கொடுத்துவிடு. நீயாக விரலை வைத்துக் காட்டாதே. படிக்கிறவன் படித்துக்கொள்ளட்டும்" என்றார். நகல்களைப் பதிவுத் தபாலில் திருப்பூருக்கும், வாட்ஸ்அப்பில் சிங்கப்பூருக்கும் நேற்று அனுப்பிவிட்டேன். சின்ன மாமா பார்த்துவிட்டதற்கான நீலக் குறி விழுந்திருக்கிறது. இன்னும் பேசவில்லை.

கட்டிலைக் கழற்றி மாடி அறையில் வைத்துவிட்டோம். அம்மாவின் முதுகுக்கு நாளை காலை எக்ஸ்ரே எடுக்கிறார்கள், பட்டுக்கோட்டைக்கு ஏழு மணி பஸ். நேற்று இரவும் இரண்டு மணிக்கு எழுந்தார். நானும் எழுந்தேன். கூடம் காலியாக இருந்ததைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றார். பிறகு இருவரும் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தோம்.